மீந்துபோன வெந்நீர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி இருபது நிமிடம். கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு நீல நிற பிளாஸ்டிக் பக்கெட். கைப்பிடி ஒரு பக்கம் கழன்று, நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. பாதி அளவு தண்ணீர். அதன் மேல் மெல்லிய ஆவி. பக்கெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கை மஞ்சள் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தது.

"இன்னாமா, முழிச்சிகினியா? கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு. நைட்டி, பாவாடை எல்லாம் வேர்த்து ஊறிப் போயி கீது."

அந்தக் கைக்கு உரியவர் எனக்கு உறவில்லை. பக்கத்துப் படுக்கை நோயாளிக்குத் துணையாக வந்திருந்தவர். பெயர் தனலட்சுமி, வார்டில் எல்லோருக்கும் தனம். அவர் பெயர் எனக்கு மூன்று நாளாகத் தெரியும். என் பெயர் அவருக்குத் தெரியாது.

இதை நான் எழுதுவது குணமாகி இரண்டு மாதம் கழித்து. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழின் செங்கல்பட்டு அலுவலகத்தில் செய்தியாளராக வேலை பார்த்தவள் நான். நேரம், இடம், பெயர் சரியாக இல்லையென்றால் எனக்கு எழுத வராது. காய்ச்சலில் நினைவு பிசகிய இடங்களில் மருத்துவக் குறிப்புத் தாளைப் பார்த்தும், என் கணவரைக் கேட்டும் சரிசெய்திருக்கிறேன்.

காய்ச்சல் வந்தது அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. கருங்குழியில் எங்கள் வீட்டில், துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தலை கனத்தது. மாலைக்குள் நூற்று இரண்டு. உள்ளூர் கிளினிக்கில் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் பார்ப்போம் என்றார்கள். இரண்டு நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி, விரலால் அழுத்துவதுபோல. சனிக்கிழமை காலை குளியலறை வாசலில் உட்கார்ந்தவள் எழவில்லை. என் கணவர் ஏழுமலை வேன் ஓட்டுகிறவர். படூர், கேளம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிக் குடும்பங்களை மாமல்லபுரத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் அழைத்துப் போய் வருவது அவர் தொழில். பதினாறு பேர் உட்காரும் அந்த வேனில் நான் ஒருத்தியாகப் படுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன்.

மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. பெண்கள் பொது மருத்துவ வார்டு, தரைத்தளம், இருபத்து நான்கு படுக்கை. எனக்குக் கிடைத்தது பதின்மூன்று. சன்னலோரம்.

இந்த வார்டின் ஒரு வழக்கம் எல்லாவற்றுக்கும் காரணமானதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்கள் மாலை நான்கிலிருந்து ஆறு வரைதான் உள்ளே வரலாம். மற்ற நேரம் நோயாளியுடன் ஒரு பெண் மட்டும் இருக்கலாம். சரியான ஏற்பாடுதான். ஆனால் எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் தங்கை ஞாயிறு மதியம் வரை இருந்தாள். அவள் மகளுக்கும் காய்ச்சல் என்று போன் வந்ததும் போய்விட்டாள். அதன் பிறகு நான் வார்டில் துணையில்லாத நோயாளி. ஏழுமலை சன்னலுக்கு வெளியே, நடைபாதையில் நின்றார்.

காலையில் வந்ததும் கம்பி வழியாக பிளாஸ்க்கை நீட்டுவார். நான் வாங்கும் நிலையில் இல்லையென்றால் யாராவது வாங்கி வைப்பார்கள். பிறகு அன்றைய பேப்பரைப் பிரித்துத் தலைப்புச் செய்திகளை வாசிப்பார். நான் கேட்டதில்லை. வீட்டில் முப்பது வருடமாக நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்; இப்போது முறையை மாற்றிக்கொண்டார். நன்றாக வாசிக்க மாட்டார். மேம்பாலத்தை எப்போதும் மேப்பாலம் என்பார். ஞாயிற்றுக்கிழமை நான் திருத்தினேன். திங்கட்கிழமை திருத்தவில்லை. அன்றுதான் அவருக்குப் பயம் வந்தது என்று பின்னர் சொன்னார்.

பரிசோதனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் தட்டணுக்கள் என்று சில இருக்கின்றன. காயம் பட்டால் ரத்தம் உறைய உதவுபவை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை எனக்கு அறுபத்திரண்டாயிரம் இருந்தன. அது டெங்குவின் அடையாளமாக இருக்கலாம். இரண்டு முறை டெங்கு சோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. மலேரியாவும் இல்லை. டைபாய்டு சந்தேகத்துக்குத் தினமும் இரண்டு வேளை ஊசி போட்டார்கள், காய்ச்சல் அசையவில்லை. இன்னும் சில காய்ச்சல்களுக்கான ரத்தம் ஆய்வகத்துக்குப் போயிருந்தது. முடிவு வர நாளாகும். அதற்குள் இருமல் தொடங்கியது. விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று காட்டும். தொண்ணூற்று ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. திங்கட்கிழமை மாலை எனக்கு எண்பத்தொன்பது. மூக்கில் குழாய் வைத்தார்கள்.

அன்று மாலை பார்வை நேரத்தில் இளம் மருத்துவர் ஏழுமலையை அழைத்துப் பேசினார். அந்த மருத்துவரின் பெயர் ஹரிணி. மேற்படிப்பு படித்துக்கொண்டே பணியில் இருப்பவர்.

"நுரையீரல்ல நீர் கோக்குது. நாளைக்கும் இப்படியே போனா தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாத்தணும். தொண்டைல குழாய் போட்டு மிஷின்ல மூச்சு விட வைக்க வேண்டி வரலாம். இன்ன நோய்னு தெரிஞ்சிட்டா சரியான மருந்து கொடுத்துடலாம். அது தெரியாமத்தான் சுத்திக்கிட்டு இருக்கோம்."

ஏழுமலை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். என்ன தாள் என்று அவர் படிக்கவில்லை. "நீ படிச்சி சொல்லாத எதுலயும் நான் கையெழுத்துப் போட்டதில்ல. அன்னிக்குதான் போட்டேன்," என்றார் பிறகு.

இங்கே என் தவறு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அது மருத்துவர்களின் தவறல்ல.

சேர்ந்த அன்றே டாக்டர் ஹரிணி திரையை இழுத்துவிட்டு என்னைப் பரிசோதித்தார். கை, கால், அக்குள், கழுத்து, முதுகு. "உடம்புல எங்கயாவது புண்ணு, கொப்புளம், பொறுக்கு ஏதாவது இருக்காம்மா?" இல்லை என்றேன். "காடு, புதர், புல்லுப் பக்கம் போனீங்களா?" இல்லை என்றேன். "பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்க, இடுப்பையும் பாத்துடலாம்." நாடா வேர்வையில் இறுகி முடிச்சு விழுந்திருந்தது. எனக்கு இழுக்கத் தெம்பில்லை; கூச்சமும் சேர்ந்துகொண்டது.

"அங்க ஒண்ணும் இல்ல டாக்டர். நாடா தழும்புதான். முப்பது வருஷமா இருக்கு."

வெளியே புது நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர் என்னை நம்பினார்.

சேலை கட்டும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: பாவாடையின் நாடாவை இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டுத்தான் சேலையின் கொசுவத்தைச் செருகுகிறோம். பல வருடம் ஒரே இடத்தில் கயிறு அழுத்தினால் தோல் கறுத்து, தடித்து, ஒட்டியாணம்போல ஒரு கோடு விழும். முடிச்சு விழும் இடத்தில் காய்த்துப் போகும். வீட்டில் நைட்டி போட்டாலும் உள்ளே பாவாடை, அதே நாடா. அந்தக் கோட்டை நாங்கள் பார்ப்பதில்லை. குளிக்கும்போதும் பார்ப்பதில்லை. மூக்கு இருப்பதுபோல அது இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் மற்றவர்கள் சொன்னதை நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்த்தவள், என் இடுப்பைப் பற்றி நான் சொன்னதைச் சரிபார்க்கவில்லை.

இப்போது தனத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டாம் படுக்கையில் இருந்தவர் ராணி, தனத்தின் நாத்தனார், கணவரின் தங்கை. நிமோனியா. இருவரும் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரே குப்பத்தில் இருக்கிறவர்கள். இருவரும் மீன் விற்கிறவர்கள். இருவரும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். சண்டைக்குக் காரணம் ஒரு கல்யாணத்தில் யாரை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்பது. ராணிக்கு வேறு பெண் துணை இல்லாததால் தனம் வந்திருந்தார். ஆனால் பேச்சு இல்லை. தனம் என் கட்டிலுக்கு மறுபக்கம், சன்னலடியில் உட்காருவார்; நடுவில் கிடந்த நான் அவர்களுக்குத் தபால்காரியானேன்.

"எம்மா, அவகிட்ட கேளு, இட்லி துன்றாளா, பன்னு துன்றாளான்னு," என்பார் தனம், என்னைப் பார்த்து.

"பன்னுதான் துன்னுவேன்னு சொல்லுமா. இட்லி கல்லு மாரி கீது," என்பார் ராணி, அவரும் என்னைப் பார்த்து.

"கல்லு மாரி இருந்தா கடலுக்கு நங்கூரமா போடச் சொல்லு."

"இவ வாயப் போட்டாலே போதும், கப்பலே நின்னுடும்னு சொல்லு."

நான் எதையும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. இடையில் ஒரு ஆள் படுத்திருந்தால் போதும். நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது. இருமினால் இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

வார்டின் பின்பக்கம் வெந்நீர்க் குழாய் இருக்கிறது. காலை ஆறிலிருந்து ஏழு வரை வரும். நோயாளிக்கு ஒரு பக்கெட். வரிசையில் நின்று பிடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தனம் பிடித்துக்கொண்டு வந்தபோது ராணி கோபத்தில் இருந்தார். முகத்தையும் கையையும் மட்டும் துடைக்கவிட்டு, மற்றதெல்லாம் வேண்டாம் என்று போர்வையை இழுத்துக்கொண்டார். பக்கெட்டில் பாதி மீந்தது.

அந்தத் தண்ணீரைத்தான் கண் விழித்ததும் நான் பார்த்தேன்.

முதுகைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். நான்கு நாள் வேர்வைக்குப் பிறகு அந்தச் சூடு உடம்பில் பட்டது எப்படி இருந்தது என்று எழுதப் பார்த்தேன். சரியான சொல் கிடைக்கவில்லை. திரை இழுத்திருந்தது. நாடாவில் அவர் கை நின்றது.

"இன்னாமா இது, இவ்ளோ இறுக்கிக் கட்டிகினு மூச்சு வுடறே? அதான் மூச்சு முட்டுது."

"முடிச்சு விழுந்துடுச்சி. விடுங்க."

"வலை முடிச்சே அவுக்குறேன், இது இன்னா?" குனிந்து, பல்லால் கடித்து இழுத்தார். நாடா தளர்ந்தது. வயிறு ஒரு விரல் கீழே இறங்கியதுபோல இருந்தது. துண்டால் இடுப்பைச் சுற்றித் துடைத்துக்கொண்டே வந்தவர் வலது பக்கம், சற்றுப் பின்னால் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இது இன்னா?"

"நாடா தழும்பு."

"நாடா தழும்பு எனக்குந்தான் கீது. எங்க குப்பத்துல எல்லா பொம்பளைக்கும் கீது. இது அது இல்ல. பீடி சுட்ட மாரி வட்டமா கீது. யாருனா சுட்டாங்களா?"

"எனக்கு வலியே இல்லியே."

"வலிச்சாதான் புண்ணா?"

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராணியின் குரல்: "அந்தம்மாவ சும்மா வுடச் சொல்லுமா. இவ பெரிய டாக்டரு."

தனம் துண்டைப் பிழிந்து கையிலேயே வைத்துக்கொண்டார். நாடாவை மறுபடி கட்டவில்லை. நைட்டியை இழுத்துவிட்டு எழுந்து போனார். செவிலியர் ஜெயந்தி அப்போது வேறொரு நோயாளிக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார். "டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாங்க, அப்ப காட்டுங்க," என்றார். ரவுண்ட்ஸ் எப்போது என்று தெரியாது. நோயாளியுடன் இருப்பவர்களை அந்த நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். எனவே உள்ளே காட்ட முடியாது. தனம் வார்டு வாசலில் போய் நின்றார். ஏழு மணிக்குப் பால் வந்தது, வரிசைக்குப் போகவில்லை. ராணிக்குப் பாலை வேறு யாரோ வாங்கிக் கொடுத்தார்கள். நடைபாதையில் நின்ற ஏழுமலைதான் பார்த்திருக்கிறார்: ஒரு பெண், கையில் ஈரத் துண்டுடன், வருகிற வெள்ளைக் கோட்டையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது எனக்காக என்று அவருக்குத் தெரியாது.

எட்டு முப்பத்தைந்துக்கு டாக்டர் ஹரிணி வந்தார்.

"டாக்டரம்மா, கோச்சிக்காத. பதிமூணாம் பெட்டு அம்மா இடுப்புல இன்னாவோ கீது. நாடா தழும்புன்றாங்க. அது இல்ல."

"நீங்க அவங்களுக்கு யாரு?"

"பக்கத்து பெட்டு."

டாக்டர் நேராக என்னிடம் வந்தார். திரையை இழுத்தார். செல்போன் விளக்கைப் போட்டுக் குனிந்தார். கையுறை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் இடுப்பிலிருந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா இருக்கும்மா?"

"முப்பது வருஷமா."

"கோடு முப்பது வருஷமா இருக்கும். இது பத்துப் பதினஞ்சு நாள்."

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. மூத்த மருத்துவர் வந்தார். மாணவர்கள் ஆறு பேர் வந்தார்கள். அந்த ஒரு காலையில் என் இடுப்பைப் பார்த்தவர்கள், அதுவரை என் வாழ்நாளில் பார்த்தவர்களைவிட அதிகம். நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். எளிமையாகச் சொன்னால்: புல்லிலும் புதரிலும் ஊசிமுனையைவிடச் சிறிய ஒருவகை உண்ணிக் குஞ்சு இருக்கிறது. அது மனிதர் மேல் ஏறினால் துணி இறுக்கமாக இருக்கும் இடம்வரை ஊர்ந்து போய் அங்கே நிற்கும், கடிக்கும். கடித்தது தெரியாது. சில நாளில் அந்த இடம் கறுத்துப் பொறுக்காகும், வலிக்காது, அரிக்காது. அதன் வழியாக உள்ளே போன கிருமி நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். தெரிந்துகொண்டால் மருந்து சாதாரணமானது. பல காலமாகப் புழக்கத்தில் உள்ள மாத்திரை. தெரியாமல் போனால் உயிர் போகும். எனக்குப் போட்டுக்கொண்டிருந்த ஊசிக்கு இந்தக் கிருமி அசையாது.

அந்தக் கறுப்புப் பொறுக்குதான் இதற்குச் சாட்சி. மருத்துவர்கள் தேடுவது அதைத்தான். முதல் நாள் டாக்டர் கேட்டதும் அதைத்தான். துணி இறுக்கமான இடம் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு நாடாதான். கறுத்த கோட்டின் மேல் ஒரு கறுத்த பொட்டு.

"புல்லுப் பக்கம் போகலன்னு சொன்னீங்களேம்மா?" டாக்டர் ஹரிணி கேட்டார். கோபமில்லை, கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காய்ச்சலுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு படூர்க் குடும்பம் ஒன்றை ஏழுமலை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனார். வேனில் இடமிருந்ததால் நானும் போனேன். அவர்கள் பறவை பார்க்கும்போது நாங்கள் இருவரும் ஏரிக்கரைக்கு வெளியே புல்லில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். இருபது நிமிடம். வேடந்தாங்கல் எனக்குக் காடு அல்ல. பிறந்ததிலிருந்து போய் வருகிற இடம். அதனால் இல்லை என்று சொல்லியிருந்தேன். ஒரு மருத்துவரிடம் ஒரே நாளில் இரண்டு தவறான பதில்.

முதல் மாத்திரை ஒன்பது நாற்பதுக்கு. டாக்டர் ஹரிணி கட்டில் முனையில் தாளை வைத்துக் குறிப்பு எழுதினார். அதிகாரிகளின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பழகியதில் எனக்குத் தலைகீழாக வாசிக்க வரும். பொறுக்கு பற்றி ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்துப் படுக்கைக்குத் துணையிருந்தவர் கவனித்தது என்று முடித்திருந்தார்.

"பேரு போடுங்க டாக்டர்," என்றேன்.

"இதுல அதுக்கு இடம் இல்லம்மா."

"யார் பார்த்ததோ அவங்க பேரு வரணும்."

அவர் சிரித்தார். தாளின் ஓரத்தில் தமிழில் தனலட்சுமி என்று எழுதினார். அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு என்னை மாற்றவில்லை. புதன்கிழமை மாலை ஆக்சிஜன் தொண்ணூற்று நான்கு. வியாழக்கிழமை காலை காய்ச்சல் இல்லை. சன்னலுக்கு வெளியே ஏழுமலை பேப்பர் வாசித்தார். மேப்பாலம் என்றார்.

"மேம்பாலம்," என்றேன்.

அவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடைபாதையின் கடைசிவரை நடந்து போனார். திரும்பி வர நேரமானது. கண் சிவந்திருந்தது. "இன்னா வெயிலு," என்றார். மார்கழி மாதம், காலை ஏழரை மணி.

ராணியும் தனமும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனார்கள். அப்போது என்னை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள். திரும்பி வந்தபோது பன்னிரண்டாம் படுக்கையில் புது விரிப்பு. போன் நம்பர் வாங்கவில்லை. நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன், சொன்னதாக நினைவில்லை. ஜெயந்தி சிஸ்டரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து, நடக்கத் தெம்பு வந்ததும், ஏழுமலை வேனை எடுத்தார். கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கிற குப்பங்களில் ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரித்தோம். மூன்றாவது குப்பத்தில், படகுகள் கரையேறும் இடத்தில், காலை எட்டு மணிக்கு அவரைக் கண்டுபிடித்தோம். மணலில் சங்கரா மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில், ஒரே தார்ப்பாயில், ராணி.

தனம் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார். நின்ற நிலையில் அவர் என்னைப் பார்த்ததே இல்லை. "பதிமூணாம் பெட்டு," என்றேன்.

"அட! நீயாமா! ஒயரமா கீறியே!"

நான் ஆயத்தம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மீனைப் புரட்டிப் போட்டார். சங்கடப்பட்டார் என்பதைவிட, நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தேடினார் என்பதுதான் சரி.

"ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல வாசல்ல நின்னீங்க. பால் வாங்கக்கூடப் போகல. ஏன்?" இது என் பழைய தொழிலின் கேள்வி. எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன்.

"ஏன்னா இன்னா சொல்றது? தண்ணி மீந்துச்சி. சுடுதண்ணி, கீழ ஊத்த மனசு வரல. நீ வேர்த்துகினு கெடந்தே, தொடச்சேன். தொடைச்ச எடத்துல ஒண்ணு இருந்துச்சி. பாத்துட்டு எப்டிமா சும்மா இருக்கறது?"

"அவ்ளோதானா?"

"வேற இன்னா கீது இதுல?"

ராணி கத்தியைக் கீழே வைத்தார். "எம்மா, ஒண்ணு கேக்குறேன். தண்ணி ஏன் மீந்துச்சி? நான் வேணாம்னதாலதானே மீந்துச்சி? நான் மட்டும் அன்னிக்கு ஒழுங்கா தொடைக்க வுட்டிருந்தா உன் கதி இன்னா? அப்ப காப்பாத்துனது யாரு?"

"அடிப் பாவி," என்றார் தனம், நேராக ராணியைப் பார்த்து. "ஆறு வருஷம் பேசாம இருந்தது எவ்ளோ நிம்மதி."

"நீதானே வார்டுல மொதல்ல பேசினே."

"இருமி இருமிச் சாவறியேன்னு கேட்டேன். அது பேச்சா?"

ஏழுமலை அவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தனம் நான்கு சங்கராவைத் தாளில் சுற்றி என் கையில் வைத்தார். வேண்டாம் என்றேன். "நோவுல வுழுந்து எழுந்த ஒடம்பு. கொழம்பு வச்சித் துன்னு," என்றார். ஏழுமலையிடம், "அண்ணாத்த, நாடாவ இறுக்கிக் கட்ட வுடாத இவங்கள," என்றார். அவர் தலையை ஆட்டினார். சிரிப்பை மறைக்க, வேனில் ஏறும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

கல்லீரல் சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஆறாவது வாரம் மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். முடிவு வாங்கப் போனவள், ஜெயந்தி சிஸ்டரைப் பார்க்கலாம் என்று வார்டுக்குப் போனேன். காலை பதினொன்றரை. சன்னலோரம் பதின்மூன்றாம் படுக்கையில் ஒரு மூதாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளேயிருந்து சிஸ்டரின் குரல் கேட்டது.

"நாடாவ அவுருங்கம்மா."

"அங்க ஒண்ணும் இல்ல சிஸ்டர். தழும்புதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அவுருங்க."

நான் வாசலிலேயே நின்றேன். சில நிமிடம் கழித்து சிஸ்டர் திரையை விலக்கி வெளியே வந்து, என்னைக் கவனிக்காமல், மருத்துவர் அறையை நோக்கி வேகமாக நடந்தார்.

மூன்றாம் படுக்கையில் இருந்தவர் வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில் ஒரு ஊரைச் சேர்ந்தவர், நடவுக்குப் போகிறவர், வயது முப்பத்தொன்று. அன்று பகல் பன்னிரண்டே காலுக்கு அவருக்கு முதல் மாத்திரை கொடுத்தார்கள்.